சிகாரை வெட்டுவதா, ஓட்டை போடுவதா?

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம். கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். துபாயிலிருந்து வரும்போது அவன் ஒரு சின்ன மரப்பெட்டி நிறைய சிகார் வாங்கி வந்திருந்தான். பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்த இரண்டை எடுத்தோம். அவன் கட்டரால் தலையை வெட்டினான். நான் சாவிக்கொத்தில் தொங்குகிற 'பஞ்ச்' என்கிற சின்னத் துளைப்பானால் ஓட்டை போட்டேன். கால் மணி நேரம் ஆயிற்று. அவன் பாட்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்து மழைமேகத்தைப் பார்த்துப் புகை விட்டுக்கொண்டிருக்கிறான். நான் கன்னம் ஒட்ட ஒட்ட இழுக்கிறேன், கேழ்வரகுக் கூழை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி. "என்ன மாமா, பத்த வச்சீங்களா இல்லையா?" என்று கேட்டான்.

பெட்டியில் மிச்சம் இருந்ததை இந்த வருஷம் கத்திரி வெயிலில் எடுத்தேன். ஒரு கல்யாணத்துக்காக அவன் மறுபடி வந்திருந்தான். முன்னே பட்ட அனுபவத்தில் நான் வெட்டினேன். அவன் என் சாவிக்கொத்தை வாங்கி ஓட்டை போட்டான். நான் வெட்டிய வேகத்தில் தலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, வாயில் வைத்த ஈரத்தில் மேல் இலை வாழைப்பூ மடல் மாதிரி விரிந்துகொண்டே போனது. அவனுடையது கடைசி வரை ஒழுங்காக எரிந்தது. அதே பெட்டிதான், இரண்டு கருவியும் அதேதான். விடை மட்டும் தலைகீழ்.

வெட்டுவதா, ஓட்டை போடுவதா என்று யாரைக் கேட்டாலும் "அது அவங்கவங்க இஷ்டம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப் வைத்திருக்கிறேன். தகட்டை வெட்டுவதும் துளைப்பதும்தான் இருபது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. எதை ஷியரிங்குக்கு அனுப்புவது, எதைப் பஞ்சில் அடிப்பது என்பதை அங்கே யாரும் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. சாமானின் தடிமன், அதன் பதம், கருவியின் முனை, இந்த மூன்றையும் பார்த்துத்தான் வேலையைப் பிரிப்போம். சிகாரிலும் இதே மூன்றுதான். அதில் பதம் என்பதைச் சென்னைக் காற்று தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வியே நம் வீடுகளுக்குப் புதுசு. என் தாத்தா உறையூர்ச் சுருட்டு பிடித்தவர். அவர் அதை ஒருநாளும் வெட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் வாய் திறந்துதான் இருக்கும். ஒரு பக்கத்தைக் கடித்துப் பிடித்து மறுபக்கம் பற்ற வைத்தால் முடிந்தது வேலை. 'சுருட்டு' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆனது. வெள்ளைக்காரர்கள் 'டிரிச்சினாப்பள்ளி' என்று ஊர் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினார்கள். இன்றைக்கும் பல்லவன் சாலையில் பாடிகார்டு முனீஸ்வரனுக்குச் சுருட்டு படைக்கிறார்கள். கூடவே கட்டரையும் வைத்து யாரும் படைத்து நான் பார்த்ததில்லை.

கியூபா, நிகராகுவா, டொமினிகன் குடியரசு என்று வெளியிலிருந்து வரும் சிகாரில்தான் இந்தப் பிரச்சினை. அதன் உள்ளே நீளவாக்கில் மடித்த இலைகள் இருக்கும். அவற்றைக் கட்டி நிறுத்த ஓர் இலை. வெளியே மணத்துக்கும் அழகுக்குமாக ரேப்பர் என்கிற மேல் இலை. இந்த மேல் இலை சுற்றிச் சுற்றி வந்து, வாயில் வைக்கிற முனையில் போய் முடியும். முடிகிற இடம் அவிழாமல் இருக்கச் சின்ன இலைத் துண்டு ஒன்றைத் தாவரப் பசை தடவி மேலே ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் கேப். எங்கள் ஷாப்பில் 'கேப்' என்றால் இரண்டு பிளேடுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. குழப்பம் வேண்டாம், நான் தொப்பி என்றே சொல்கிறேன்.

தொப்பி போட்டு மூடிய அந்த முனையில் காற்று போக வழி கிடையாது. வழி பண்ணத்தான் வெட்டுவதோ துளைப்பதோ. அதே சமயம் மொத்தச் சுற்றையும் அவிழாமல் பிடித்து வைத்திருப்பதும் அந்தத் தொப்பிதான். அதைத் திறக்கவும் வேண்டும், முழுசாகக் கழற்றிவிடவும் கூடாது. ஒரு சிகாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தலையின் வளைவு முடிந்து உடம்பு நேராக ஆரம்பிக்கிற இடத்துக்கு அருகில், தொப்பியின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரியும். கியூபா சிகாரில் இரண்டு மூன்று கோடுகள் அடுக்காகத் தெரிவதுண்டு. அந்தக் கோட்டுக்கு மேலே எதைச் செய்தாலும் சிகார் தாங்கும். கோட்டுக்குக் கீழே கத்தி இறங்கினால் என் வாழைப்பூ கதைதான்.

முதலில் வெட்டு. எல்லாரும் செய்வது நேர் வெட்டு. தலையின் உச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் சீவி எடுக்க வேண்டும். ஒரு பிளேடு உள்ள கட்டரும் உண்டு, இரண்டு பிளேடு உள்ளதும் உண்டு. ஒற்றைப் பிளேடு இலையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும், எதிர்ப்பக்கம் நசுங்கும். இரண்டு பக்கமிருந்தும் பிளேடு வந்து நடுவில் சந்திப்பதுதான் நல்லது. பிளேடுகளை மெதுவாக நெருக்கி, தொப்பியைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்தி, எங்கே வெட்டப்போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே மூச்சில் அழுத்திவிடுங்கள். தயங்கித் தயங்கி அழுத்துகிறவர்கள்தான் அதிகமாகக் கெடுக்கிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பின்பக்கம் மூடிய கட்டர் கிடைக்கிறது. தலையை அதில் முட்ட வைத்து வெட்டினால் அளவுக்கு மேல் வெட்ட வழியே இல்லை.

மச்சான் வாங்கி வந்த கட்டரை ஒருநாள் ஷாப்புக்கு எடுத்துப் போயிருந்தேன். எங்கள் டை ஃபிட்டர், அதாவது தகட்டை வெட்டுகிற 'டை' என்ற அச்சைப் பொருத்துகிறவர், வயசில் பெரியவர், புகையே பிடிக்காதவர். வாங்கி ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்து, இரண்டு பிளேடையும் மூடித் திறந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தை முனையில் வைத்து இழுத்தார். "சார், ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது. இது வெட்டாது, பிய்க்கும்" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்ட நாங்கள் பிளேடுகளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி வைப்போம், தடிமனில் ஐந்து முதல் பத்து சதவீதம். இலை மாதிரி மெல்லிசான சாமானுக்கு இடைவெளியே ஆகாது. கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு போனால்தான் சுத்தமாக வெட்டும். இல்லையென்றால் இலை அந்தச் சந்தில் மடங்கி, பிசிறு பிசிறாகக் கிழியும். அந்தப் பிசிறுதான் அப்புறம் நாக்கில் ஒட்டும். நாலு பேர் நடுவில் தூ தூ என்று துப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

இருநூறு ரூபாய் கட்டரையும் இரண்டாயிரம் ரூபாய் கட்டரையும் பிரிப்பது மேலே மினுக்குகிற முலாம் இல்லை, இந்தச் சந்துதான். கடையில் வாங்கும்போது மூடிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பில் தாளின் ஓரத்தை வைத்து வெட்டியும் பாருங்கள். தாள் மடங்கினால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

அடுத்தது பஞ்ச். துப்பாக்கித் தோட்டா மாதிரி சின்னதாக இருக்கும். மூடியைத் திருகினால் உள்ளே வட்டக் கத்தி. தலையின் நடுவில் வைத்து, அழுத்தாமல், திருகு ஆணி போடுவது மாதிரி திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். நாலைந்து மில்லிமீட்டர் இறங்கியதும் திருப்பிக்கொண்டே வெளியே எடுத்தால் இலைத் துண்டு ஒன்று கத்திக்குள் மாட்டிக்கொண்டு வரும். ஷாப்பில் அதற்கு ஸ்லக் என்று பெயர். அதை ஒவ்வொரு தடவையும் தட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த சிகாரில் கத்தி வெட்டாது, உள்ளே இருக்கிற துண்டுதான் முட்டும். தொப்பி நசுங்கிப் பிளக்கும். பஞ்ச் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய துண்டு உள்ளேயே காய்ந்து கிடக்கும். எங்கள் பவர் பிரஸ்ஸிலும் இதே கதைதான். ஸ்லக் மாட்டினால் டை உடையும். அங்கே செலவு ஆயிரக்கணக்கில்.

பஞ்சில் எனக்குப் பிடித்தது, தொப்பியின் ஓரம் முழுசாக நிற்பது. நடுவில் மட்டும் ஓட்டை, சுற்றிலும் சட்டைக் காலர் மாதிரி இலை இறுக்கிப் பிடித்திருக்கும். மேல் இலை அவிழ வாய்ப்பு குறைவு. துகள் வாய்க்கு வருவதும் குறைவு. புதிதாக ஆரம்பிக்கிறவர் கையிலும் அதைக் கெடுப்பது கஷ்டம். கட்டரைப் போலச் சட்டைப் பையில் தனியாக இடம் கேட்காது, வண்டிச் சாவியோடு போய்விடும். விமானப் பயணத்தில் இரண்டையுமே செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஒரு தடவை சோதனையில் என் கட்டரைக் கேட்டு வாங்கிக் கூடையில் போட்டுவிட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, பிளேடு பிளேடுதானே.

இனி கணக்கு. சிகாரின் பருமனை ரிங் கேஜ் என்று சொல்வார்கள். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம், 42 என்றால் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. பரவலாகக் கிடைக்கிற ரோபுஸ்தோ என்ற ரகம் 50 பருமன் இருக்கும். அதன் தலையை வளைவில் சீவினால் 16 மில்லிமீட்டர் அகலத்துக்குத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 200 சதுர மில்லிமீட்டர். அதிலேயே 8 மில்லிமீட்டர் பஞ்ச் போட்டால் 50 சதுர மில்லிமீட்டர். விட்டம் பாதிதான் குறைகிறது, வழி கால்வாசியாகிவிடுகிறது.

கால்வாசி வழியில் அதே அளவு புகை வர வேண்டுமென்றால் வேகமாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நெருப்பு அதிகம் கனலும், புகை சூடாகும், கசப்பு ஏறும். போதாக்குறைக்குப் புகையில் வரும் பிசுக்கு முழுவதும் அந்தச் சின்ன ஓட்டையின் ஓரத்தில் போய்ப் படியும். பாதி சிகார் முடிவதற்குள் ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக, ஒட்டும் பதத்தில் ஒரு வளையம் தெரியும். நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்து தோற்கும். வெட்டிய சிகாரிலும் பிசுக்கு உண்டு, ஆனால் அகலமான பரப்பில் பரவுவதால் தெரிவதில்லை.

பஞ்ச் போட்டால் ருசி கூடும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். புகை நாக்கின் ஒரே இடத்தில் ஊசி மாதிரி வந்து விழுகிறது, அதனால் காரமாகத் தெரிகிறது. வெட்டினால் வாய் முழுக்கப் பரவுகிறது, மென்மையாகத் தெரிகிறது. இலை மாறவில்லை, புகை படுகிற இடம் மாறுகிறது. காரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் மட்டும் "அவங்கவங்க இஷ்டம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்கிறேன்.

வடிவத்தைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. தலை கூம்பிய டார்பிடோ வகையில் பஞ்ச் வைக்க இடம் கிடையாது, வெட்டித்தான் ஆக வேண்டும். கியூபாவின் மான்டெகிறிஸ்டோ நம்பர் 2 என்ற சிகார் இந்த ஜாதி. கூம்பை எவ்வளவு கீழே வெட்டுகிறோமோ அவ்வளவு வாய் அகலும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி நமக்கு வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஒல்லி ரகங்களிலும், 40க்குக் கீழே என்றால், பஞ்ச் வேண்டாம். 38 பருமனில் மொத்த விட்டமே 15 மில்லிமீட்டர். அதில் எட்டைக் குடைந்தால் காலருக்கு என்ன மிஞ்சும்? அதற்கு நேர்மாறாக 60 பருமன் தடியர்கள் இருக்கிறார்கள். சில கட்டருக்குள் அவர்கள் தலை நுழைவதே பாடு. அங்கே 10, 12 மில்லிமீட்டர் பஞ்ச் சரியாக இருக்கும். மெஷினில் செய்த மலிவு ரகங்கள் பலவற்றில் ஓட்டை போட்டே வரும், நமக்கு வேலை இல்லை.

இப்போது நம்ம ஊர்க் காற்று. சிகாரை 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும். அப்பளம் நமுத்துப்போகிற அதே காற்றில் சிகார் மட்டும் எப்படித் தப்பும்? இலை தண்ணீரை உறிஞ்சி உப்பும், உள்ளே காற்று போகிற சந்துகள் அடைபடும். விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள். நல்ல சிகார் கொஞ்சம் அமுங்கி மறுபடி எழும். உப்பியது ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி அப்படியே நிற்கும், இல்லையென்றால் கல் மாதிரி இறுகியிருக்கும். அந்த மழைநாளில் என் சிகாருக்கு நடந்தது இதுதான். உள்ளேயே பாதி வழி அடைபட்டிருந்தது, வாயில் நான் கால்வாசிதான் திறந்தேன். மச்சான் முழு வாயையும் திறந்துவிட்டதால் தப்பித்தான்.

கத்திரி வெயிலில் மதியம் மேற்கிலிருந்து அனல் காற்று அடிக்கும், கடல்காற்று வந்து சேரும்வரை ஈரமே இருக்காது. அதற்குப் பயந்து ஏசி ரூமில் பெட்டியை வைத்தால், ஏசியும் காற்றிலுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுகிற மெஷின்தான். இரண்டு வழியிலும் இலை காயும். காய்ந்த தொப்பியில் கட்டர் பிளேடு இறங்கினால் சருகில் கால் வைத்த மாதிரி சத்தம் கேட்கும், விரிசலும் கூடவே வரும். நடுவில் மட்டும் திருகி எடுக்கிற பஞ்சுக்கு இங்கே பிழைக்க வழி இருக்கிறது, அதுவும் கொஞ்சம் உபாயத்தோடு. தலையை உதட்டில் வைத்து எச்சிலால் லேசாக நனைத்து, ஒரு நிமிஷம் விட்டு, தொப்பி இளகியதும் திருகுங்கள். வெட்டுவதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டுச் செய்யுங்கள். நான் அன்றைக்குச் செய்யவில்லை.

சென்னையில் இன்னொரு துளைப்பாளரும் உண்டு. புகையிலை வண்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். 24, 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் முட்டைகள் பொரிக்க ஆரம்பித்துவிடும். நம் ஊரில் குளிர்கால இரவுகளைத் தவிர்த்தால் பெரும்பாலும் அந்தச் சூடு உண்டு. சிகாரின் உடம்பில் ஊசி குத்தியது போல ஓட்டை தெரிந்தால் உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் பஞ்ச் போட்டுவிட்டார் என்று அர்த்தம். மேல் பக்கம் நீங்கள் எப்படித் திறந்தாலும் அந்த ஓட்டை வழியே காற்று இழுத்துக்கொள்ளும்.

நான் இப்போது செய்வது: ரப்பர் வளையம் வைத்து இறுக்க மூடும் சாப்பாட்டு டப்பா ஒன்று. அதற்குள் ஈரத்தைச் சமன்படுத்துகிற பாக்கெட். 65, 69, 72 என்று சதவீதம் போட்டு விற்கிறார்கள், நான் 65 போடுகிறேன். மழைக்காலத்தில் உப்பிய சிகாரை அதில் இரண்டு மூன்று வாரம் விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. டப்பாவைப் பார்த்துவிட்டு வீட்டில் "ஊறுகாயா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிப் பார்த்தேன், திறந்து மோந்து பார்த்துவிட்டார்கள்.

சரி, எது என்று கேட்டால், எங்கள் ஷாப்பில் புதுப் பையன் சேர்ந்தால் முதல் நாளே சொல்கிற ஒரு பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன்: துளை சின்னதாகிவிட்டால் பெரிசு பண்ணிக்கலாம், பெரிசாகிவிட்டால் ஸ்கிராப்தான். ஓட்டை போட்ட சிகாரை அப்புறம் வெட்டலாம். வெட்டிய சிகாரில் ஓட்டை போட முடியாது. அதனால் தலை உருண்டையாக, 46க்கு மேல் பருமனாக இருக்கிற சிகார் என்றால் முதலில் பஞ்ச். பற்ற வைப்பதற்கு முன்பே சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் அப்படியே பற்ற வையுங்கள். கன்னம் ஒட்டினால் கட்டரை எடுத்து, அந்த ஓட்டையைச் சுற்றி உச்சியில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். பாதியில் பிசுக்கு அடைத்துக்கொண்டாலும் இதே வைத்தியம்தான். கறுப்பு வளையத்தோடு சேர்த்துச் சீவினால் கசப்பும் போய்விடும். அன்றைக்கு மாடியில் மச்சானின் கட்டர் டீப்பாய் மேலேயே கிடந்தது. ஓட்டை போட்டதை வெட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முக்கால் சிகாரை வீம்புக்கு இழுத்துத் தீர்த்தேன்.

இரண்டில் ஒன்றுதான் வாங்குவேன் என்கிறவர் கட்டரை வாங்கலாம், ஏனென்றால் பஞ்ச் ஏறாத சிகார் உண்டு, கட்டருக்கு அடங்காதது அபூர்வம். ஆனால் அதையும் பஞ்ச் மாதிரி பயந்து பயன்படுத்துங்கள். முதலில் ஒரு மில்லிமீட்டர் சீவி இழுத்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாகக் கழுத்தை வெட்டுகிற வேலை வேண்டாம்.

நடுவில் வி வடிவப் பள்ளம் வெட்டுகிற கருவி ஒன்றும் இருக்கிறது. வழி நன்றாகத் திறக்கும், காலரும் பாதி நிற்கும். ஆனால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைக் கருவிதான் முடிவு செய்யும், நம் கையில் இல்லை. முனை மழுங்கினால் வீட்டில் தீட்டவும் முடியாது. எனக்கு ஒத்துவரவில்லை. சினிமா வில்லன் மாதிரி பல்லால் கடித்துத் துப்புவது பற்றிக் கேட்கவே வேண்டாம். சமையல் கத்தி, பிளேடு, அரிவாள்மனை இவையும் அந்த வரிசைதான். அரிவாள்மனையில் வெட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சிகாரும் போனது, அன்றைய சாம்பாரில் புகையிலை வாசனை என்று ஒரு வாரம் பேச்சும் வாங்கினேன்.

சொல்லாமல் விடக் கூடாத இரண்டு விஷயம். சிகார் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு சரி என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அந்தப் புகை போதும். வெட்டினாலும் துளைத்தாலும் அந்தக் கணக்கில் மாற்றம் இல்லை. தாத்தாவின் உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு படலம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒன்றுக்கு மேல் நான் போகாமல் இருப்பது அதனால்தான். இன்னொன்று, பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்பது 2003-ஆம் வருஷச் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். முப்பது அறையாவது உள்ள ஹோட்டல், முப்பது பேராவது உட்காரும் உணவகம், விமான நிலையம் இவற்றில் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மற்றபடி சொந்த மொட்டை மாடிதான், அதிலும் பக்கத்து வீட்டு மாடியில் துணி காயாத நேரமாகப் பார்த்து.

எங்கள் டை ஃபிட்டர் போன மாதம் ஒரு காரியம் செய்தார். ஸ்கிராப்பில் கிடந்த பழைய பஞ்ச் பின் ஒன்றை எடுத்து, லேத்தில் உள்பக்கம் 9 மில்லிமீட்டருக்குக் குடைந்து, வெளிப்பக்கம் சாய்வாகக் கடைந்து முனை எடுத்து, பதம் ஏற்றி, சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தார். பின்னால் ஒரு தள்ளுகம்பியும் வைத்திருக்கிறார், அமுக்கினால் ஸ்லக் தானாக வெளியே விழும். கடையில் வாங்கியதில் அந்த வசதி இல்லை. ஷாப்பில் சிகார் ஏது? ஒரு வாழைத்தண்டை எடுத்துத் திருகிக் காட்டினார். வட்டமாக, பிசிறில்லாமல் வந்தது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "மாமா, எனக்கு ஒண்ணு. எங்க மேனேஜருக்கும் ஒண்ணு" என்று பதில் வந்தது.